தூண் மறைக்காத அரங்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரிட்டனின் பெருநகரங்களிலும் கடற்கரை ஊர்களிலும் எழுந்த நாடக அரங்குகளுள் எண்பதுக்கும் மேற்பட்டவற்றை வடிவமைத்தவர் பிராங்க் மேட்சம் (1854–1920). டெவன் மாவட்டத்து நியூட்டன் அபட்டில் பிறந்து டார்க்கீயில் வளர்ந்த அவர், கட்டடக்கலையைக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். லண்டனில் ஜெத்ரோ ராபின்சன் என்னும் அரங்கக் கட்டடக் கலைஞரிடம் பணிக்குச் சேர்ந்து தொழிலைக் கற்றார். 1877இல் ராபின்சனின் மகளை மணந்தார். மறு ஆண்டே மாமனார் இறந்துவிட, இருபத்து நான்கு வயதை எட்டும் நிலையில் அவருடைய தொழில் முழுவதும் மேட்சமின் பொறுப்புக்கு வந்தது.

அக்கால அரங்குகளில் பார்வையாளர் இருக்கைகள் தரைத்தளத்தோடு நில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக மாடங்களாக அடுக்கப்பட்டன. அம்மாடங்களை வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கியதால், தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர் பணம் கொடுத்தும் பாதி மேடையையே கண்டார். மேட்சம் இதற்குக் கண்ட தீர்வு, பொறியாளர்கள் கேண்டிலீவர் என்று சொல்லும் அமைப்பைக் கையாண்டு செம்மைப்படுத்தியதாகும். ஒரு முனை மட்டும் சுவருக்குள் உறுதியாகப் பிணைக்கப்பட, மறுமுனை தாங்கல் ஏதும் இன்றி வெளியே நீளும் உத்தரமே கேண்டிலீவர். ஜன்னலுக்கு மேலே நீளும் சன்ஷேடும் இந்த விதிப்படியே நிற்கிறது. எஃகு உத்தரங்களை இவ்வாறு அமைத்ததால், தூண்கள் விலகி, மாடங்களை ஆழமாகவும் செங்குத்தாகவும் உயர்த்த முடிந்தது. கடைசி வரிசையில் அமர்ந்த தொழிலாளிக்கும் நடிகரின் முகம் தெரிந்தது. மேட்சமின் தங்க முலாம் பூசிய சுதைச் சிற்பங்களையும் கீழைநாட்டுப் பாணிக் குவிமாடங்களையுமே பலரும் புகழ்வதுண்டு. ஆயினும் அவருடைய உண்மையான சாதனை கண்ணுக்குத் தெரியாத இந்த எஃகிலேயே இருக்கிறது.

அக்கால அரங்குகளில் பார்வை மட்டுமன்றிப் பாதுகாப்பும் சிக்கலாக இருந்தது. 1887இல் எக்சிடர் நகர அரங்கில் பற்றிய தீயில் 186 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர், குறைந்த கட்டணத்துக்குரிய மேல்மாடத்தில் அமர்ந்து, வெளியேற வழியின்றிச் சிக்கியவர்கள். இதன்பின் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. மேட்சமின் அரங்குகளில் ஒவ்வொரு மாடத்துக்கும் தனித்தனிப் படிக்கட்டுகளும் வாயில்களும் அமைந்தன. அதே படிக்கட்டுகள் ஏழையையும் செல்வரையும் ஒரே முகப்பில் சந்திக்கவிடாமல் பிரித்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை; உயிரைக் காத்த ஏற்பாடே வர்க்க வேற்றுமையையும் காத்தது.

பிளாக்பூலின் கிராண்ட் (1894), லண்டனின் ஹாக்னி எம்பயர் (1901), மலைநகரான பக்ஸ்டனின் ஆப்பெரா ஹவுஸ் (1903), சுழலும் மேடையுடன் 1904 டிசம்பரில் திறக்கப்பட்ட லண்டன் கொலீசியம், பல்லேடியம் (1910) ஆகியவை இன்றும் இயங்குகின்றன. காற்றோட்டத்திலும் அவர் கருத்தூன்றினார்: பக்ஸ்டனில் கூரையின் நடுவே எரியும் வாயு விளக்குகள், வெப்பத்தால் எழும் காற்றோடு பார்வையாளர் விட்ட மூச்சுக்காற்றையும் மேலே இழுத்து வெளியேற்றின; 1911இல் எழுந்த விக்டோரியா பேலஸ் அரங்கில் கூரையின் ஒரு பகுதியே நகர்ந்து திறந்தது.

அவர் 1920இல் மறைந்தபின், திரைப்படமும் தொலைக்காட்சியும் பார்வையாளர்களைக் கவர்ந்துகொள்ள, அவருடைய அரங்குகள் பல சூதாட்டக் கூடங்களாயின. இன்னும் பல இடிக்கப்பட்டன. அவற்றை அலங்காரம் மிகுந்த வணிகக் கட்டடங்கள் என்று ஒதுக்கிய விமர்சகர்களின் அலட்சியமும் இவ்வழிவுக்குத் துணைபோனது. அது நியாயமற்ற மதிப்பீடு. ஹாமர்ஸ்மித்தின் லிரிக் அரங்குக்கு மட்டும் வேறொரு விதி வாய்த்தது: 1895இல் மேட்சம் வடித்த அதன் உட்புறச் சுதை வேலைப்பாடுகள், பழைய கட்டடம் இடிக்கப்படுமுன் துண்டு துண்டாகப் பெயர்க்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டன; புதிதாக எழுந்த கான்கிரீட் கட்டடத்துக்குள் அவை மீண்டும் பொருத்தப்பட, 1979 முதல் அந்த மாடங்களில் மறுபடியும் மக்கள் அமர்ந்து நாடகம் பார்க்கிறார்கள்.