கடல் உள்வாங்கினால்

மாணவர்களே! விடுமுறை நாளில் பெற்றோருடன் மாமல்லபுரம் சென்று, இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலைக் கண்டு, அலையில் கால் நனைத்தல் இனிது. ஆயினும், கடலின் இயல்பை அறியாது அதனை அணுகுதல் தகாது.

2004 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26 ஆம் நாள், சுமத்திராவின் அருகே கடலடி நிலம் நடுங்க, ஆழிப்பேரலை எழுந்தது. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கிப் பாறைகள் வெளிப்பட்டன. பின்னர் நீர் கரைமேற் சீறிப் பாய்ந்தது. பேரலையின் பள்ளம் கரையை அடையின் கடல் உள்வாங்கும், முகடு பின்தொடரும்.

ஆதலின், கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கக் கண்டால், கிளிஞ்சல் பொறுக்க ஓடாதீர். இளையோரைக் கைப்பற்றி மேட்டு நிலம் நோக்கி விரைவீர். முதல் அலை தணிந்ததும் திரும்பாதீர். அடுத்தது அதனினும் பெரிதாதல் உண்டு.