சேர்வராயன் குகையில் கசியும் நீர் எங்கிருந்து வருகிறது?

ஏற்காட்டுக்கு மேலே, சுமார் 1,620 மீட்டர் உயரத்தில், ஒரு குகைக்குள் சேர்வராயனும் காவிரி அம்மனும் குடியிருக்கிறார்கள். குனிந்துதான் உள்ளே போக வேண்டும்; பாறையில் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடியினர் ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள். குகைக்கும் காவிரிக்கும் உள்வழித் தொடர்பு உண்டு என்பது இங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை.

காவிரி நீரே இங்கு வருகிறது என்று கொண்டால், அதைச் சோதித்துவிடலாம். காவிரி பிறக்கும் தலைக்காவிரியின் உயரம் சுமார் 1,276 மீட்டர். குகைக் கோயில் அதைவிட 300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஆற்று நீர் தானாக மேடேறாது. ஈரத்துக்கு மழையே போதுமான காரணம்: சார்னோக்கைட் பாறை நெடுங்காலம் சிதைந்து உருவான பாக்சைட் படிவம் மலை உச்சியை மூடியிருக்கிறது, ஆண்டுக்குச் சுமார் 1,500 மி.மீ. மழையும் பெய்கிறது.

ஆனால் தொடர்பே இல்லை என்பதும் தவறு. இதே மலைத்தொடரில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடந்து காவிரியில் கலக்கிறது. மலைக்கும் ஆற்றுக்கும் உறவு உண்மை; நீர் போகும் திசைதான் வேறு. இதில் எது சரி, எது பிழை என்பதை உயரத்தை அளந்தும் ஓடையைப் பின்தொடர்ந்தும்தான் அறிய முடிந்தது. நம்பிக்கையிடம் அதற்கான அளவுகோல் இல்லை. அதன் பெருங்குறை இதுவே.

தமிழ்ச் சைவம் இந்தச் சிக்கலை அறியாததல்ல. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவம் எழுதிய சிவஞான சித்தியார், இறைவனைப் பற்றிப் பேசுமுன் அறிவின் வழிகளை ஆராய்கிறது. காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்தறிவது), உரை என்ற மூன்றில் மறைநூல் வாக்கான உரை ஒன்று மட்டுமே. இந்தியத் தருக்கப் பள்ளியான நியாய மரபோ உரையை ஏற்க நிபந்தனையே வைக்கிறது: சொல்பவர் பொருளை அறிந்தவராகவும் பொய் சொல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

மலையாளிகளின் பூர்விகக் கதைக்கும் அந்த நிபந்தனை பொருந்தும். காஞ்சிபுரத்தை விட்டு நீங்கிய கரிராமன் என்ற தெய்வத்தைத் தொடர்ந்து பெரியணன், நடுவணன், சின்னணன் என்ற மூவர் வந்ததாகவும், பெரியணன் சேர்வராயன் மலையேறியதாகவும் இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிவு செய்தார். இம்மக்களின் தாய்மொழி தமிழ். அது சமவெளியிலிருந்து வந்தவர்கள் என்ற கூற்றோடு ஒத்துப்போகிறது. காஞ்சிபுரம்தான் பூர்விகம் என்பதை மொழி மட்டும் மெய்ப்பிக்காது. கல்வெட்டு, குலப்பெயர், வழிபாட்டு முறை ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் அதைத் தீர்மானிக்க முடியும்.