இருபது வருட வாக்கு

வங்கிக் கடன் அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, வீட்டுக் கூரை எந்தத் திசை பார்க்கிறது என்பது. தெற்கு என்றேன். நிழல் விழுத்தும் மரம் ஏதும் உண்டா என்றார். இல்லை என்றதும் படிவத்தை எடுத்துவிட்டார். 2004ஆம் ஆண்டு அது. ஜேர்மனியின் கீழ்ச் சாக்சனி மாநிலத்தில், அகதியாக வந்து மின்தொழில் பழகிய எனக்கு, 5 கிலோவாட் சூரியத் தகடுகள் போட ஏறக்குறைய 28 ஆயிரம் யூரோ கடன் கிடைத்தது. வங்கி நம்பியது சட்டத்தில் எழுதியிருந்த ஓர் எண்ணை: நான் கம்பியில் விடும் ஒவ்வொரு அலகுக்கும் 57.4 சென்ட், பொருத்திய வருடம் போக அடுத்த 20 வருடங்களுக்கும் அதே விலை.

அந்த எண்ணுக்குப் பின்னால் நின்ற மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஹெர்மன் ஷேயர். சமூக ஜனநாயகக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர். 1980இல் உள்ளே போனவர், 2010 ஒக்டோபரில் 66 வயதில் இறக்கும்வரை உறுப்பினராகவே இருந்தார். ஒருநாளும் அமைச்சராக இருந்ததில்லை. 2008இல் ஹெசன் மாநிலத்தில் அவரைப் பொருளாதார, சுற்றுச்சூழல் அமைச்சராக்க ஏற்பாடு நடந்தது. சொந்தக் கட்சிக்காரர் நால்வர் கைவிரித்ததில் ஆட்சியே அமையாமல் போனது. கையில் அதிகாரம் இல்லாத அந்த மனிதர், மற்ற உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு நாட்டின் மின்சாரத்தையே மாற்றினார்.

கதை அவருக்கும் முன்பே தொடங்குகிறது. 1990இல் பவேரியப் பழைமைவாதி மத்தியாஸ் எங்கல்ஸ்பேர்கரும் பசுமைக் கட்சியின் வொல்ஃப்காங் டானியல்ஸும், கொள்கையில் எதிரெதிர்த் துருவங்கள், ஒரு சின்னச் சட்டத்துக்காகக் கைகோத்தார்கள். சிறு நீர்மின் நிலையங்களும் காற்றாலைகளும் தரும் மின்சாரத்தைப் பெரிய கம்பனிகள் வாங்கியே ஆகவேண்டும் என்றது அது. 1991 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தது. வடக்கே காற்றாலைகள் எழும்பின. ஆனால் சூரிய மின்சாரத்துக்கு அந்த விலை எட்டவில்லை. அதோடு விலை சந்தையோடு ஏறி இறங்கியது. அடுத்த வருடம் என்ன கிடைக்கும் என்று தெரியாதவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

ஷேயருக்கு இந்த இடம் வடிவாக விளங்கியது. 1988இலேயே யூரோசோலார் என்ற அமைப்பைத் தொடங்கியவர் அவர். பொருளாதார அமைச்சு இழுத்தடித்தபோது, அவரும் அவர் கட்சிக்காரர் டீட்மார் ஷூட்ஸும், பசுமைக் கட்சியின் ஹான்ஸ்-யோசெப் ஃபெல்லும் மிகைலே ஹூஸ்டெட்டும் சேர்ந்து சட்டத்தைத் தாங்களே எழுதினார்கள். இவர்களில் ஃபெல் முன்பு பௌதிக ஆசிரியர். 2000 பெப்ரவரி 25இல் பாராளுமன்றம் நிறைவேற்றியது, ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் சொன்னது இவ்வளவுதான். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் யாரிடமிருந்து வந்தாலும் கம்பிக்காரர் இணைப்புக் கொடுத்து அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். விலை 20 வருடத்துக்கு மாறாது; தொடக்கத்தில் சூரிய மின்சாரத்துக்கு அலகொன்றுக்குப் பழைய நாணயத்தில் 99 பெனிக். அடுத்த வருடம் புதிதாகச் சேருபவருக்கு 5 சதவீதம் குறைவு, அதற்கடுத்த வருடம் இன்னும் குறைவு. செலவு அரச கருவூலத்திலிருந்து வராது. மின்கட்டணம் கட்டும் எல்லோர் தலையிலும் பங்கிடப்படும்.

கடைசி விதியை அப்போது பலர் கவனிக்கவில்லை. அதில்தான் உயிர் இருந்தது. கருவூலத்தைத் தொட்டால் ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் நிதியமைச்சர் கத்தரிக்கோலோடு வந்துவிடுவார். பழைய சட்டத்தை எதிர்த்து பிரொய்சன்எலெக்ட்ரா என்ற பெரிய மின்கம்பனி தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அரச பணம் இதில் புழங்கவில்லை, ஆகவே இது சட்டவிரோத அரச உதவி அல்ல என்று 2001 மார்ச் 13இல் தீர்ப்பு வந்தது. விவசாயி, ஆசிரியர், என்னைப் போன்ற மின்தொழிலாளி எல்லோரும் துணிந்து கூரையேறியது அதற்குப் பிறகுதான்.

இதைத்தான் இங்கே முதலீட்டுப் பாதுகாப்பு என்பார்கள். பெரும் பணக்காரரின் சொல் அது என்றுதான் முன்பெல்லாம் எனக்குத் தோன்றும். உண்மையில் அது ஏழைக்குத்தான் அதிகம் தேவை. பெரிய கம்பனி ஒரு திட்டத்தில் தோற்றால் இன்னொன்றில் பிடித்துக்கொள்ளும். எனக்கு இருப்பது ஒரே கூரை. நல்ல வெயில் வருடத்தில் என் தகடுகள் ஏறத்தாழ 4,500 அலகு தந்தன, கிட்டத்தட்ட 2,580 யூரோ. கடன் தீர்ந்த பிறகும் ஏழெட்டு வருடம் கூரை உழைத்துத் தந்தது. இந்த இரு பத்தாண்டுகளில் எத்தனையோ ஆட்சிகள் மாறின. ஏற்கெனவே கொடுத்த விலையில் ஒருவரும் கைவைக்கவில்லை. 2012இல் நாட்டின் புதுப்பிக்கத்தக்க மின்திறனில் கிட்டத்தட்ட பாதி தனியாட்கள், விவசாயிகள், கூட்டுறவுகள் கையில் இருந்தது. 2000இல் மின்பாவனையில் ஏறக்குறைய 6 சதவீதமாக இருந்த புதுப்பிக்கத்தக்க மின்சாரம் இன்று பாதியைத் தாண்டிவிட்டது.

வாக்கை மீறினால் என்னவாகும் என்பதற்கு ஸ்பெயின் இருக்கிறது. அங்கும் 2007இல் தாராளமான விலை அறிவித்தார்கள், சனம் கடன்பட்டுத் தகடு வைத்தது. பிறகு 2010இலும் 2013இலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிலையங்களின் வருமானத்தையே வெட்டினார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் எரிசக்திச் சாசன ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள். ஏறத்தாழ ஐம்பது வழக்குகள். உள்ளூர்க் குடும்பங்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமில்லை. அந்நியனின் பணத்துக்குக் காவலும் சொந்தக் குடிமகனின் பணத்துக்குக் கைவிரிப்பும்! அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஜேர்மன் சட்டத்திலும் குறை உண்டு. கட்டணத்தில் சேர்த்த அந்தப் பங்கு 2017இல் அலகுக்கு 6.88 சென்ட் வரை ஏறியது. மின்சாரம் அதிகம் தின்னும் பெரிய ஆலைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கூரையே இல்லாத வாடகைக்காரர், என் கூரைக்கும் சேர்த்துக் கட்டினார். 2022 யூலையில்தான் அது பூச்சியமாக்கப்பட்டு, சுமை அரச நிதிக்கு மாறியது. இன்னொன்று, தொழிற்சாலைகள். 2008 வாக்கில் உலகின் மிகப் பெரிய சூரியக்கல உற்பத்தியாளராக இருந்த கியூ-செல்ஸ், 2012 ஏப்ரலில் முறிந்து தென்கொரியாவின் ஹன்வாவிடம் போனது. உற்பத்தி சீனாவுக்குப் பெயர்ந்தது. இப்போது நான் கூரைகளில் ஏற்றும் தகடுகளில் பெரும்பாலானவை சீனாவில் செய்தவை. வாங்குபவனுக்குப் பாதுகாப்புக் கொடுத்த நாடு, செய்பவனைக் காப்பாற்றவில்லை.

இங்கேதான் பாதுகாப்பின் மறுபக்கம் வருகிறது: நாட்டின் நாடிநரம்பு யார் கையில்?

வேலைக்குப் போகும் வழியில் ரேடன் என்ற ஊரைக் கடப்பேன். வயலும் மாடுகளும்தான் கண்ணுக்குத் தெரியும். கீழே, ஏறக்குறைய 2 கிலோமீற்றர் ஆழத்தில், ஜேர்மனியின் மிகப் பெரிய எரிவாயுச் சேமிப்பகம். கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட அடுத்த வருடமே, 2015இல், ஒரு சொத்துப் பரிமாற்றத்தில் இது ரஷ்ய அரச வாயுக் கம்பனியான காஸ்ப்ரோமின் கைக்குப் போனது. அரசு தடுக்கவில்லை. 2022 வசந்தத்தில் பார்த்தால் சேமிப்பகத்தில் 1 சதவீதம்கூட வாயு இல்லை. அந்த ஏப்ரலில் அரசு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. குறைந்தபட்சம் இவ்வளவு நிரப்பியே ஆகவேண்டும் என்று அவசரமாகச் சட்டம் போட்டது.

இடையில் 2018இல் ஒரு முறை விழித்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கு ஜேர்மனிக்கும் பேர்லினுக்கும் ஹம்பேர்க்குக்கும் உயர் அழுத்தக் கம்பி நடத்தும் 50ஹேர்ட்ஸ் நிறுவனத்தின் 20 சதவீதப் பங்கைச் சீன அரசின் மின்வலைக் கம்பனி கேட்டது. 25 சதவீதத்துக்குக் குறைந்த கொள்வனவைத் தடுக்க அன்றைய விதியில் வழியில்லை. அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூவைக் கொண்டு அந்தப் பங்கை வாங்கவைத்தார்கள். அந்த டிசம்பரில், முக்கிய உட்கட்டமைப்புகளுக்கு எல்லையை 10 சதவீதமாக இறக்கினார்கள்.

ஷேயர் இதையெல்லாம் காண இருக்கவில்லை. ஆனால் அவருடைய வாதம் இதைத் தொட்டே நின்றது. எண்ணெயும் வாயுவும் சில இடங்களில் மட்டும் கிடைப்பவை, ஆகவே சிலர் கையில் குவிபவை. வெயிலும் காற்றும் எங்கும் உண்டு, ஆகவே உரிமையும் பரவலாம் என்பதே அவர் நூல்களின் அடிநாதம். சகாராவிலிருந்து ஐரோப்பாவுக்கு மின்சாரம் கொண்டுவரும் டெசர்டெக் திட்டத்தையும் அதனாலேயே எதிர்த்தார். ரயில்வேயைத் தனியாருக்கு விற்பதைச் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்த்தவரும் அவர்தான். இலட்சக்கணக்கான கூரைகளை எந்த வெளிநாட்டுக் கம்பனியும் ஒரு கையெழுத்தில் வாங்க முடியாது என்பது என் எண்ணம்; இதைவிடப் பெரிய தேசப் பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

இலங்கையில் எங்கள் ஊர்ப் பக்கத்திலும் இதே கேள்வி வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் அப்போது டீசல் இயந்திரத்தில் ஓடின. 2021 ஜனவரியில் சூரிய, காற்று மின்திட்டம் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. தமிழகக் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா எதிர்த்தது. வருட இறுதியில் சீனத் தரப்பு நிறுத்திக்கொண்டது. 2022இல் இந்தியா 1 கோடியே 10 இலட்சம் டொலர் மானியத்தோடு எடுத்துக்கொண்டது. இரண்டு தலைநகரங்களின் கவலையும் செய்தியில் வந்தது. தீவில் இருக்கிறவர்கள் பங்குதாரராகலாமா என்ற பேச்சை நான் எங்கும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கச்சி போன வருடம் கேட்டாள், "அண்ணா, நாங்களும் கூரையில போடுவமோ?" 2016இல் தொடங்கிய அரச திட்டத்தில் முதல் 7 வருடம் அலகுக்கு 22 ரூபாயும் அடுத்த 13 வருடம் 15.50 ரூபாயும் என்று எழுதிக்கொடுத்தார்கள். பிறகு ரூபாயின் பெறுமதி விழுந்தது. புதிதாகச் சேருபவர்களுக்கு விலையும் மாறிமாறி வந்தது. தகட்டின் தரத்தைப் பிறகு பார்க்கலாம் என்றேன். "ஒப்பந்தத்தில விலை எழுதின பக்கத்தையும், அந்த விலையை மாத்த ஆருக்கு அதிகாரம் எண்டு எழுதின பக்கத்தையும் முதல்ல படமெடுத்து அனுப்பு பிள்ளை."