மதில் இல்லாத சிறை

குற்றம் புரிந்தவன் ஒருவன். தண்டனை அனுபவிப்போரோ பலர். கணவன் ஆயுள் கைதியாகச் சிறை புகுந்த நாள்முதல் மனைவி கைம்பெண்ணைப் போலாகிறாள். பிள்ளைகள், தந்தை உயிரோடிருந்தும் அனாதைகளாகின்றனர். நீதிமன்றத் தீர்ப்பில் இவர்கள் பெயர் எழுதப்படுவதில்லை. நம் பங்குகளிலும் இத்தகைய இல்லங்கள் இல்லாமலில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, எவரோடும் பேசாமல் வெளியேறும் தாய் ஒருத்தியின் துயரம் இதுவாகவும் இருக்கலாம்.

இத்துயரைத் தணிக்க ஒரு மாநில அரசு துணிந்து செய்த முயற்சியை நாம் அறிந்துகொள்வது நலம். இராஜஸ்தான் மாநிலத்தில், ஜெய்ப்பூர் நகரை அடுத்த சாங்கானேரில், 1963-ஆம் ஆண்டில் திறந்தவெளிச் சிறை ஒன்று தொடங்கப்பெற்றது. அப்போது அம்மாநில ஆளுநராயிருந்த டாக்டர் சம்பூர்ணானந்தரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. அவர் முன்னர் உத்தரப் பிரதேசத்தில் பொறுப்பிலிருந்தபோதே, கைதிகளை விலங்கின்றி அணைக்கட்டு வேலைக்கு அனுப்பிப் பார்த்தவர்.

சாங்கானேருக்கு எவரும் நேரே செல்ல இயலாது. மூடிய சிறையில் தண்டனையின் மூன்றில் ஒரு பகுதியையேனும் கழித்திருக்க வேண்டும். நன்னடத்தைச் சான்றும் வேண்டும். சிலவகைக் குற்றவாளிகளுக்கு இடமே இல்லை. ஆயினும் அங்குள்ளோரிற் பெரும்பாலோர் கொலைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பெற்றவர்களே என்றறியும்போது நமக்கு வியப்புண்டாகிறது.

அங்கே உயர்ந்த மதில்கள் இல்லை. கைதி தன் மனைவி மக்களோடு சிறு வீட்டில் வாழ்கிறான். காலையில் வேலைக்குப் புறப்படுகிறான். கூலி வேலை, வண்டியோட்டுதல், தொழிற்சாலை வேலை, ஏன், காவலாளி வேலையுங்கூட! அரசு உணவளிப்பதில்லை, உழைத்துத்தான் உலை வைக்க வேண்டும். மாலையில் பெயர் கூப்பிடும்போது மட்டும் தவறாது முகாமில் நிற்க வேண்டும். கைதிகளே தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து ஒன்று முகாமின் அன்றாடக் காரியங்களையும் சிறு பூசல்களையும் கவனித்துக்கொள்கிறது. தப்பியோட நினைப்பவனுக்குத் தடையாயிருப்பது பூட்டன்று. அவன் வீட்டு அடுப்பும், மறுநாள் பள்ளி செல்லவேண்டிய அவன் குழந்தையும்தான்.

விடுதலை நாள் வந்தும் வெளியேற மனமின்றி அங்கேயே தங்கிவிட்டவர்களை அதிகாரிகள் வற்புறுத்தி அனுப்ப நேர்ந்ததும் உண்டு. வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பக்கத்திலேயே அமைந்துவிட்டன அல்லவா!

செலவையும் பார்ப்போம். மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சார்பில் 2017-ல் வெளியான ஆய்வின்படி, ஜெய்ப்பூர் மத்திய சிறையில் ஒரு கைதிக்கு மாதம் சுமார் 7,000 ரூபாய் செலவாயிற்று. சாங்கானேரிலோ 500 ரூபாய்தான்.

"கொலையுண்டவனின் வீட்டார் இதைக் கண்டால் என்ன சொல்வார்கள்?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அக்குடும்பத்திலும் தாயும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் கண்ணீரை மறந்து பேசுவது இரக்கமாகாது. ஆனால் கொலையாளியின் குழந்தை தந்தையின்றி வளர்வதால் அவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல்தான் என்ன? ஆண்டுகள் பல உள்ளே அடைபட்டு, உறவும் தொழிலும் அற்று, வன்மத்தோடு வெளியே வருகிறவனால் ஊருக்கு நேரும் ஆபத்தே மிகுதி என்பது நம் கருத்து.

இவ்வெண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. ஔந்து சமஸ்தானத்தில் 1939-ல் நடந்த திறந்த சிறைச் சோதனையினின்று பிறந்ததே சாந்தாராமின் 1957-ஆம் ஆண்டு இந்திப் படமான 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்'. ஆறு கொலைக் கைதிகளை நம்பி வெளியே அழைத்துச் சென்ற சிறையதிகாரியின் கதை அது. 1958-ல் பெர்லின் விழாவில் அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் பரிசையும் அது பெற்றது. 1975-ல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'பல்லாண்டு வாழ்க' அக்கதையே. படத்தைக் கண்டு கைதட்டிய நாம், கோவை சிங்காநல்லூரிலும் சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பிலும் நம் மாநிலத்திலேயே திறந்தவெளிச் சிறைகள் உண்டென்பதைக் கவனித்தோமோ என்னவோ!

2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் இருந்த 91 திறந்தவெளிச் சிறைகளில் 41 இராஜஸ்தானில் இருந்தன. அத்தனைக்கும் முன்மாதிரியான சாங்கானேருக்கே சோதனை வந்தது. திறந்தவெளி முகாம்களின் பரப்பைக் குறைக்க முயலலாகாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டு ஜூலையிலேயே முகாம் நிலத்தில் ஏறத்தாழ 22,000 சதுர மீட்டரை ஜெய்ப்பூர் வளர்ச்சி ஆணையம் மருத்துவமனை கட்ட ஒதுக்கியது. வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் விளக்கம் கேட்டதோடு, இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரவும் ஏற்பாடு செய்தது. மருத்துவமனை வேண்டாமென்பார் எவருமில்லை, நோயாளிகளும் ஏழைகளே. எனினும் அரசுக்கு நிலம் தேவைப்பட்டபோது, அறுபது ஆண்டுகளாக ஊருக்குத் தீங்கின்றி நடந்துவந்த முகாமின் மீதே முதலில் கண் விழுந்தது. கைதிக்காகப் பேச ஆளில்லை என்ற துணிவே அதற்குக் காரணமென்று எண்ணத் தோன்றுகிறது.