நிலப் பத்திரத்திலிருந்து தண்ணீரை மீட்டவர்

1994 மே மாதம் நெல்சன் மண்டேலா அமைத்த முதல் அமைச்சரவையில் காதர் அஸ்மலுக்குக் கிடைத்த இலாகா, நீர்வளமும் வனமும். வாழ்நாளெல்லாம் சட்டம் கற்பித்த பேராசிரியருக்கு அணையும் குழாயும் காடும் ஒட்டாத வேலையாகத் தெரியலாம். ஆனால், தென்னாப்பிரிக்காவில் யார் வீட்டில் தண்ணீர் வரும், யார் குடத்தோடு மைல்கணக்கில் நடக்க வேண்டும் என்பதை மழை தீர்மானிக்கவில்லை, சட்டம்தான் தீர்மானித்தது. அதை மாற்றி எழுதச் சட்டம் தெரிந்த ஒருவர்தான் தேவைப்பட்டார்.

அஸ்மல் பிறந்தது 1934இல், நேட்டால் மாகாணத்தின் ஸ்டாங்கர் என்ற சிற்றூரில். சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வியர்வை கலந்த மண். அப்பா சிறிய கடை வைத்திருந்தார். பக்கத்து ஊரான குரூட்வில்லில்தான் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி வாழ்ந்தார். அவருடைய அறிமுகம் அஸ்மலை அரசியலுக்கு இழுத்தது.

1959இல் சட்டம் படிக்க லண்டன் போனார். நிறவெறி எதிர்ப்பு இயக்கம் அங்கே உருவானபோது அதன் தொடக்கக்காரர்களில் ஒருவரானார். லூயிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். கலப்பு மணத்தைக் குற்றமாக்கிய 1949ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்ததால், மனைவியோடு தாய்நாட்டில் குடித்தனம் நடத்தவே வழியில்லை. 1963இல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் ஆசிரியரானவர், 27 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

அயர்லாந்து நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தைக் கட்டியெழுப்பி, அதன் முகமாகவும் இருந்தார். 1984இல் டப்ளினில் ஒரு பல்பொருள் அங்காடியின் இளம் ஊழியர்கள் தென்னாப்பிரிக்கப் பழங்களுக்குப் பில் போட மறுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போராட்டம் மூன்று ஆண்டுகளை நெருங்கியது. 1987இல் தென்னாப்பிரிக்கக் காய்கனிகளின் இறக்குமதியையே அயர்லாந்து அரசு தடை செய்தது. அடுத்த ஆண்டு, அஸ்மலின் டப்ளின் வீட்டுச் சமையலறை மேசையில் அவரும் சக போராளியான ஆல்பி சாக்ஸும் உட்கார்ந்து, விடுதலை பெறப்போகும் நாட்டுக்கான உரிமைச் சாசனத்தின் வரைவை எழுதினார்கள். நாடு விடுதலை பெறுமா என்று உலகம் ஐயப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

ஆற்றுக்குச் சொந்தக்காரர் யார்?

1990இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மீதான தடை நீங்கியதும் அஸ்மல் நாடு திரும்பினார். நான்கே ஆண்டுகளில் அமைச்சர். அப்போது ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குப் போதிய குடிநீர் இல்லை. பழைய சட்டப்படி, ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவருக்கே ஆற்றுநீரில் முதல் உரிமை. நிலத்தை யார் வாங்கலாம் என்பதையோ 1913ஆம் ஆண்டு நிலச் சட்டமும் அதன் பின்வந்தவையும் தோலின் நிறத்தை வைத்து வகுத்திருந்தன. நிலம் பறிபோனபோதே கறுப்பின மக்களிடமிருந்து தண்ணீரும் பறிபோயிருந்தது.

இந்த முடிச்சைத்தான் 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் அவிழ்த்தது. தண்ணீருக்குத் தனி உடைமையாளர் கிடையாது. மக்கள் சார்பில் அரசு அதன் அறங்காவலர். பெரிய அளவில் எடுப்பவர் காலவரையறையுள்ள உரிமம் பெற வேண்டும். எல்லாருக்கும் முன்பாக இரண்டு பங்குகள் ஒதுக்கப்பட்டன: மனிதரின் அடிப்படைத் தேவைக்கு ஒன்று, ஆறு ஆறாகவே உயிரோடிருக்க ஒன்று. இவை போக மிஞ்சுவதில்தான் பாசனத்துக்கும் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பங்கு. ஆற்றுக்கே பங்கு ஒதுக்கிய இந்தச் சட்டம் உலகெங்கும் நீர்த்துறையினரின் பாடமானது.

1995இல் அவர் தொடங்கிய மற்றொரு திட்டமும் இதே நீதியிலிருந்து பிறந்தது. வாட்டில், பைன் போன்ற அயல் மரங்கள் பரவி நீர்ப்பிடிப்பு மலைகளின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவற்றை வெட்டி அகற்றும் வேலைக்கு ஏழைகளை, குறிப்பாகப் பெண்களை, கூலி கொடுத்து அமர்த்தினார். ஓடைக்கு நீரும் வீட்டுக்கு வருமானமும் ஒன்றாக வந்தன.

அணைகளின் கணக்கு

லெசோத்தோ மலைகளிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்துக்கு நீர் கொண்டுவரும் பெருந்திட்டத்தை நடத்திய அதே அமைச்சர்தான், உலக அணைகள் ஆணையத்துக்கும் தலைமை ஏற்றார். நர்மதை அணை எதிர்ப்பாளர் மேதா பட்கரும் அணை எந்திரங்கள் செய்யும் பன்னாட்டு நிறுவனத்தின் தலைவரும் அதில் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். 1998இல் ஆணையத்தின் வருகைக்கு இந்தியாவில் எதிர்ப்பு கிளம்பியதால், தெற்காசியாவுக்கான கலந்தாய்வு கொழும்பில் நடந்தது. 2000 நவம்பரில் மண்டேலா முன்னிலையில் வெளியான அறிக்கை, அணைகளால் இடம்பெயர்ந்தவர்கள் நான்கு கோடி முதல் எட்டு கோடிப் பேர் வரை என்று மதிப்பிட்டது. பலன்களை மட்டும் எண்ணிப் பழகிய உலகத்துக்கு, இழந்தவர்களின் கணக்கும் எழுத்தில் வந்தது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு அவரைத் தேடி வந்தது.

அவர் காலத்துக் கொள்கையில் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. குழாயைப் பராமரிக்கும் செலவை மக்களே கட்டணமாகத் தர வேண்டும் என்றது அது. கட்ட முடியாதவர்கள் மறுபடியும் ஆற்றுக்கே போனார்கள். 2000இல் க்வாசூலு-நேட்டாலில் காலரா வெடித்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அதன் பிறகே, அடுத்து வந்த அமைச்சர் ரோனி காஸ்ரில்ஸ் காலத்தில், குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. உரிமையைச் சட்டத்தில் எழுதியதோடு கடமை முடிந்துவிடாது, அது ஏழையின் கைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்பதைத் தென்னாப்பிரிக்கா உயிர்களைக் கொடுத்துக் கற்றது.

கை தூக்க மறுத்தவர்

1999 முதல் 2004 வரை கல்வி அமைச்சராக இருந்து, நிறவாரியாகப் பிரிந்துகிடந்த பல்கலைக்கழகங்களை இணைக்கும் கடினமான வேலையை எதிர்ப்புகளுக்கு நடுவே தொடங்கினார். பிறகு சாதாரண உறுப்பினராக நாடாளுமன்றத்தில் இருந்தார். உயர்மட்ட ஊழல்களை விசாரித்துவந்த 'ஸ்கார்பியன்ஸ்' பிரிவைக் கலைக்கக் கட்சி முடிவெடுத்தது. அதற்கு வாக்களிக்க மனமில்லாமல் 2008இல் பதவி விலகினார். 2011 ஜூன் 22 அன்று மறைவதற்குச் சில நாட்கள் முன்புகூட, அரசு ரகசியங்களைக் காக்கும் பெயரில் வந்த மசோதாவை எதிர்க்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார்.

தான் வளர்த்த கட்சி ஆட்சியில் இருக்கும்போது அதை எதிர்த்துப் பேச, எதிரியை எதிர்ப்பதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டும். அஸ்மலுக்கு அது இருந்தது. எத்தனை திட்டங்களைத் திறந்துவைத்தார் என்பதை வைத்து அமைச்சர்களை அளக்கிறோம். தான் போன பிறகும் எளியவர் பக்கம் நிற்கிற சட்டம் ஒன்றை விட்டுச் சென்றாரா, மனசாட்சி உறுத்தியபோது நாற்காலியை விட்டு எழுந்தாரா என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று பதில் தரும் அமைச்சர்கள் எந்த நாட்டிலும் அரிது.