கால் ஆஃப், புட் ஆஃப்

ஒருமுறை எனக்கு வந்த மின்னஞ்சலில், நேர்காணல் 'கால்டு ஆஃப்' என்றிருந்தது. தள்ளிவைத்திருக்கிறார்கள் போல என்று இரண்டு வாரம் புதுத் தேதிக்குக் காத்திருந்தேன். ரத்தாம்! தள்ளிவைப்பது 'புட் ஆஃப்'. ரெண்டிலும் அதே 'ஆஃப்', அதான் குழப்பம்.

வினையோடு இப்படி ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தருவதுதான் ஃபிரேசல் வெர்ப். பிரித்துப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம். நம்ம 'தள்ளிப்போடு' மட்டும் என்னவாம்? கூட்டத்தைத் தள்ளிப்போடும்போது யாரும் எதையும் கையால் தள்ளுவதில்லையே. (புத்தக ஆங்கிலத்தின் 'போஸ்ட்போன்' கூட லத்தீனில் 'பின்னால் வை'தான்.)

இன்னொன்று, 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தப்பு. 'மீட்டிங்' மாதிரி பெயர்ச்சொல்லாக இருந்தால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம்.