பேத்தை மீன் சாப்பிடலையா? வாயைப் பாருங்க!

மக்களே, தொட்டியில இருக்கிற பச்சைப்புள்ளிப் பேத்தை சாப்பிடலைன்னா உடனே மருந்தை ஊத்திடாதீங்க. மத்த மீன் மாதிரி இதுக்குச் செதில் கிடையாது. தாமிரம் கலந்த மருந்தே ஆளைக் காலி பண்ணிடும்.

முதல்ல தண்ணியைச் சோதிங்க. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் 0 இருக்கணும். இல்லையா, அன்னிக்கே பாதித் தண்ணியை மாத்துங்க. அதே சூடு, அதே உப்பு முக்கியம்.

தண்ணி சரியா இருந்தும், இரையைப் பாத்து ஓடி வந்து கவ்வ முடியாம திரும்புதா? பல்தான் வில்லன். இதோட 4 பல்லும் ஆயுசுக்கும் வளரும். நத்தை ஓட்டைக் கடிச்சாத்தான் தேயும். ரொம்ப வளர்ந்துட்டா, மீன் பார்க்கிற கால்நடை மருத்துவர் மயக்கம் கொடுத்து வெட்டிவிடுவார். வயிறு ஒட்டிப்போற வரை காத்திருந்தா பட்டினியிலேயே போய்ச் சேர்ந்துடும்.

இன்னொண்ணு: நன்னீர் மீன்னு சொல்லி வித்தாலும், வளர்ந்ததுக்கு உவர்நீர்தான் வேணும். உப்பை மெதுவா, வாரக்கணக்குல ஏத்துங்க.